முட்டை தீர்ந்த செவ்வாய்

பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் 1559இல் தீட்டி, இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள ‘களியாட்டத்திற்கும் தவக்காலத்திற்கும் இடையிலான போர்’ என்னும் ஓவியத்தில், மதுப்பீப்பாயின் மேல் அமர்ந்து, பன்றித்தலை கோத்த கம்பியை ஈட்டிபோல் நீட்டும் பருத்த மனிதனும், ரொட்டி சுடுவோரின் நீண்ட மரத்துடுப்பில் இரண்டு ஹெர்ரிங் மீன்களை ஏந்தி அவனை எதிர்கொள்ளும் ஒடிசலான உருவமும் பார்வையை முழுவதுமாகப் பறித்துக்கொள்வதால், தரையில் சிதறிக் கிடக்கும் முட்டையோடுகளை எவரும் எளிதில் கவனிப்பதில்லை. அந்த விருந்து ஏன் நடந்தது என்பதை அவ்வோடுகளே சொல்கின்றன.

திருநீற்றுப் புதனில் தொடங்கி ஈஸ்டர்வரை நீளும் தவக்காலத்தில், இடைக்கால மேலைத் திருச்சபை இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டை ஆகியவற்றையும் விலக்கியிருந்தமையால், இல்லங்களில் எஞ்சியிருந்தவை நோன்புக்கு முன்பே தீர்ந்தாக வேண்டும். இதைப் பெருந்தீனி என்று ஒதுக்குவது நியாயமன்று. உணவைப் பாழாக்க மனம் வராதவர்களின் சிக்கனமும் அதில் இருந்தது. இங்கிலாந்தில் திங்களன்று உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டுகளைப் பொரித்து, அப்போது உருகிய கொழுப்பை எடுத்துவைத்து, மறுநாள் முட்டையும் பாலும் மாவும் கரைத்து மெல்லிய பான்கேக் அப்பங்களை அதில் சுட்டார்கள். அன்று பாவசங்கீர்த்தனத்திற்கு அழைத்த கோயில் மணியே மக்கள் வாயில் ‘பான்கேக் மணி’ ஆயிற்று. இறைச்சியை ஒரு வாரம் முன்னதாகவே விட்டுவிடும் ரஷ்ய மரபிலோ, எஞ்சிய அந்த வாரம் மஸ்லெனித்சா என்னும் விழாவாகி, வெண்ணெய் வழியும் பிளினி அப்பங்களுக்கு உரியதாயிற்று.

ஒலிவ எண்ணெய் எளிதில் கிடைக்காத வடபுலத்தாருக்கு வெண்ணெயைத் துறப்பது பெருந்துன்பம். பணம் செலுத்தி விலக்கு பெற்றவர்களின் காணிக்கையால் எழுந்தது என்பதாலேயே, பிரான்சின் ரூஆன் பேராலயக் கோபுரங்களுள் ஒன்று இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ எனப்படுகிறது.

முட்டைக்கு அத்தகைய தீர்வும் போதாது. பகல் நீளத் தொடங்கும் அப்பருவத்தில்தான் கோழிகள் மும்முரமாக முட்டையிடும். உண்ணத் தடை இருந்ததால் முட்டைகள் வீடுதோறும் குவிந்து, ஈஸ்டரன்று சாயம் பூசிய பரிசுகளாக வெளிவந்தன. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 1290ஆம் ஆண்டு ஈஸ்டருக்காக 450 முட்டைகள், பென்னிக்கு 25 வீதம் 18 பென்னிக்கு வாங்கப்பட்ட செலவு பதிவாகியுள்ளது; பொன்தகடு ஒட்டியும் வண்ணம் ஏற்றியும் அவை அரண்மனையைச் சேர்ந்தவர்களுக்கு வழங்கப்பட்டன.