பத்தாவது வீரன்

பிறர் பிள்ளைகளைத் திருத்தும்படி நம்மிடம் கேட்டு வருவோர் உண்டு. "சுவாமி, தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்று அவர்கள் கூறுங்கால், நம் உள்ளத்தில் ஒரு சிறு பெருமை தலைதூக்குவதும் உண்டு. அத்தகைய பெருமையோடு ஓர் இல்லத்திற்குச் சென்று, சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே திரும்பிய கதையை இங்கு எழுதுகின்றோம்.

இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்காம் நகரில் நாம் சில ஆண்டுகள் பங்குப்பணி ஆற்றினோம். 2017-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், திருப்பலி முடிந்தபின் முதிய அம்மையார் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகள் அதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் புற்றுநோயால் இறந்திருந்தார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியதும் நாமே. "மருமகனும் பேரனும் மாலைதோறும் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஃபாதர். வீட்டில் செபமாலை நின்றுவிட்டது. பதின்மூன்று வயதுப் பையனுக்குத் துப்பாக்கியும் போரும் எதற்கு? நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்" என்றார்.

அந்நகரத்தார்க்கு அப்பொம்மைகள் புதியன அல்ல. 'வார்ஹாமர் 40,000' என்னும் மேசைப் போர் விளையாட்டு 1987-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் நாட்டிங்காமிலேயே உள்ளது. கதை நிகழ்வதோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால். விண்வெளியெங்கும் ஓயாத போர். பேரரசன் ஒருவனை மாந்தர் தெய்வமாக்கி வழிபடுகின்றனர். அவனுக்காகப் போரிடும் கவச வீரர்கள், மெழுகு முத்திரையிட்ட வேண்டுதல் சீட்டுகளைக் கவசத்தின்மேல் அணிந்திருப்பர். இவற்றையெல்லாம் கேட்டறிந்தபோது நமக்கு மனம் ஒப்பவில்லை. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் விவரிக்கும் கவசத்தை விளக்கி, அதனை விட்டு இதனை நாடலாமா என்று கேட்பதாக முடிவு செய்துகொண்டு ஒரு மாலையில் அங்குச் சென்றோம்.

சமையலறை மேசைமீது பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் கட்டைவிரல் உயரமே உள்ள பத்து வீரர்கள் நின்றனர். பத்துப் பேர் சேர்ந்தால் ஓர் அணி. தந்தையார் அடுத்த அணிக்கான உறுப்புகளைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து சிறு குறடால் வெட்டி எடுத்து, அச்சின் தழும்புகளைக் கத்திமுனையால் சுரண்டிக் கொண்டிருந்தார். மகன் தூரிகையும் கையுமாக இருந்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நம்மைக் கண்டதும் எழுந்தனர். நாம் வாய் திறக்குமுன், "ஒன்பது முடிந்துவிட்டன, ஃபாதர். பத்தாவதை நீங்கள் தீட்டுகிறீர்களா?" என்று சிறுவன் கேட்டான். அமர்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

நீல வண்ணத்தைத் தாராளமாக அள்ளிப் பூசினோம். மார்புக்கவசத்தில் செதுக்கியிருந்த கழுகு வண்ணத்தில் மூழ்கிப் போயிற்று. சிறுவன் ஈரத்துணியால் அதனைத் துடைத்தான். "அவசரம் வேண்டாம், ஃபாதர். தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு இன்னொரு முறை பூசலாம்" என்றான். கரும்பூச்சின்மேல் நீலம் இருமுறை. அது காய்ந்தபின், பள்ளங்களில் இறங்கி நிழல்போல் தங்கும் நீர்த்த கருவண்ணம். அதுவும் காய்ந்தபின், கவசத்தின் விளிம்புகளில் மட்டும் மயிரிழைபோல் வெளிர் நீலம். கடைசியாகக் கண்களுக்குச் சிவப்பு. ஒவ்வொன்றிற்கும் இடையே காத்திருத்தல். கால் நூற்றாண்டாகப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்த நாம், பொறுமையின்றிக் கெடுத்த வேலையை ஒரு சிறுவன் சரிசெய்து கொண்டிருந்தான்.

காத்திருந்த நேரத்தில், வண்ணம் வைத்திருந்த தட்டைக் கவனித்தோம். நனைந்த பஞ்சின்மேல் ஒருவகைத் தாள் விரித்து, அதன்மேல் வண்ணத்தை வைத்தால் அது உலராமல் இருக்குமாம். அது என்ன தாள் என்று வினவினோம்.

"கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாள். அம்மா வாங்கி வைத்தது" என்றான் சிறுவன். சற்றுப் பொறுத்து, "இன்னும் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கிறது. அதனால் சிறிது சிறிதாகவே வெட்டுகிறேன்" என்றான்.

தந்தையாரின் கை நின்றது. தலை நிமிராமலே, "நானும் அப்படித்தான் வெட்டுகிறேன்" என்றார்.

ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்திருக்கவில்லை. அதன்பின் அவர்கள் பேசத் தொடங்கினர். அவள் சுட்ட கேக்கைப் பற்றி, மருத்துவமனையின் கடைசி வாரத்தைப் பற்றி, சிறுவன் அன்று அறைக்குள் வர மறுத்ததைப் பற்றி. இருவர் கண்களும் பொம்மைகளின் மீதே இருந்தன. முகத்தை முகம் பார்த்துச் சொல்ல இயலாத துயரத்தை, கையில் ஒரு வேலை இருந்தமையால் சொல்ல முடிந்தது. நாம் ஒன்றும் பேசாமல் விளிம்புகளைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

விடைபெறும்போது, "ஏதோ சொல்ல வந்தீர்களே, ஃபாதர்?" என்று தந்தையார் கேட்டார். சேர்ந்து செபிக்கலாமா என்று மட்டும் கேட்டோம். அந்த வீரர்கள் நடுவிலேயே செபமாலையில் ஒரு பத்து மணிகளைச் சொன்னோம். பாட்டியாரிடம், "நீங்களும் போய் அவர்களோடு உட்காருங்கள், அம்மா" என்றோம். நடுங்கும் கையால் தூரிகை பிடிக்க இயலாமல், தேநீர் கலந்து கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்திருந்ததாகப் பின்னர்க் கூறினார்.

போர் விளையாட்டைப் பற்றிய நம் ஐயம் முற்றும் தீர்ந்துவிடவில்லை. 1913-ஆம் ஆண்டு எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில், பொம்மைப் போரை ஆடிப் பார்ப்பவன் மெய்ப்போரின் மடமையை உணர்வான் என்று வாதிட்டார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஆகவே, பொம்மைகள் உலகைத் திருத்தும் என்று கூற நாம் துணியோம். அப்பத்து வீரர்கள் தந்தையையும் மகனையும் ஒரே மேசையில் அமர வைத்தனர் என்பதை மட்டும் நாம் கண்ணாரக் கண்டோம்.

அன்பான பெற்றோரே! முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர் யாவரும் சென்றபின், மௌனத்தில் ஆழ்ந்துவிடும் வீடுகள் நம் பங்குகளிலும் உள. அங்கே பிள்ளை எதையோ கையில் வைத்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருந்தால், உடனே பறித்துவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அருகில் அமர்ந்து, 'எனக்கும் ஒன்று கொடு' என்று கேளுங்கள். அறிவுரை சொல்லப் பின்னர் நேரமுண்டு.