தலைப்பொங்கல் சீர்

தமக்கைக்குத் தலைப்பொங்கல். பிறந்தகம் வந்திருந்தவளைச் சீரோடு கொண்டுபோய் விடவேண்டும். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை என்று அன்னையார் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கண்களோ கொட்டிலிலிருந்த ஐந்து நாய்க்குட்டிகள் மேல்!

இராசபாளையம் இனம், 2005-இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம். பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு. அவ்வெண்மையோடு ஒட்டிய குறையும் ஒன்றுண்டு. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. தட்டைத் தட்டினோம். நான்கு ஓடிவந்தன, ஒன்று உறங்கிக்கொண்டேயிருந்தது. தமக்கை அதைத்தான் எடுத்தாள்.

"காவலுக்கு உதவாததையா அம்மா சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோவது?" என்றார் தந்தையார். அவர் கவலை எனக்கும் நியாயமாகவே பட்டது.

அவள் பதில் பேசவில்லை. ஓலைப்பெட்டியிலிருந்த வெல்லத்தைப் பைக்கு மாற்றிவிட்டு, குட்டியை அதில் கிடத்தினாள். பேருந்தில் பெட்டி அவள் மடியைவிட்டு இறங்கவேயில்லை. கரும்புக்கட்டு என் தலையில்!