வைரஸும் இல்லை, பேயும் இல்லை

ஓ.எல். ஐ.சி.ரி. படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்கலில் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் செய்நிரலை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். ஒரு மாணவி கூட்டும் வேலையைத் தனியாகப் பிரித்து, துணைச் செய்நிரலாக எழுதியிருந்தாள். அப்படித்தான் எழுத வேண்டும். சராசரி 62, சரி. அடுத்த நாள் மேலே பாடசாலைப் பெயரை அச்சிட இன்னொரு பகுதி சேர்த்தாள். கூட்டலைத் தொடவே இல்லை. சராசரி நாலாயிரத்துச் சொச்சம்! பெயரை எடுத்துவிட்டால் மறுபடி 62.

"வைரஸ் சேர்" என்றான் பின்வாங்குக்காரன். பக்கத்துப் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே குவியலாக எழுதியிருந்தது. அதற்கு ஒரு பிழையும் வரவில்லை. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இது சரிவராது சேர், வேறு பாடத்துக்கு மாறப் போறேன்."

பாடசாலைப் பெயரில் என்ன பிழை? ஒன்றுமில்லை. கூட்டுத்தொகை என்ற மாறிக்கு ஆரம்பத்தில் பூச்சியம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். லயத்தில் ஒரு காம்பரா காலியானால் அடுத்த குடும்பத்துக்குத் திறப்பைக் கொடுப்பார்கள். யாரும் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பதில்லை. நினைவகமும் அப்படித்தான். முன்பு அந்த இடத்தில் இருந்த பகுதி விட்டுப்போனது அங்கேயே கிடக்கும். தற்செயலாகப் பூச்சியம் கிடந்தால் விடை சரி. பெயரை அச்சிட்ட பகுதி அங்கே வேறு எதையோ விட்டுப்போனது, அதற்கு மேல்தான் புள்ளிகள் கூடின.

ஃப்ரீ பாஸ்கலில் முழுச் செய்நிரலுக்கும் பொதுவான மாறிகள் தொடங்கும்போதே பூச்சியமாகிவிடும். துணைச் செய்நிரலுக்குள் அறிவித்த மாறிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே பக்கத்துப் பிள்ளையின் செய்நிரலிலும் அதே குறை இருந்தது, இலவசப் பூச்சியம் அதை மறைத்தது. நன்றாக எழுதியவள்தான் மாட்டிக்கொண்டாள். இதை விளங்கிய பிறகு பாடம் மாறும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

தொகுப்பான் எச்சரிக்கிறதுதான். ஆனால் அது பிழை அல்ல, எச்சரிக்கை. செய்நிரல் எப்படியும் ஓடும், பிள்ளைகள் அந்த வரியை வாசிப்பதில்லை. மாறியை நிரப்பச் சொல்லி வேறொரு பகுதிக்கு அனுப்பினால், அங்கே உண்மையில் நிரப்பப்பட்டதா என்று தொகுப்பானுக்கே நிச்சயமாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தொகுக்கும் கட்டளையில் சிறு கோடு போட்டு ஜீ, ரீ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். உள் மாறிகளில் எல்லாம் வேண்டுமென்றே குப்பையைக் கொட்டிவிடும். ஒளிந்திருந்த குறை அப்போதே நாலாயிரமாகக் கத்தும். நல்லபடி ஓடுகிற செய்நிரலையும் ஒருமுறை இப்படி ஓட்டிப் பாருங்கள்.

பரீட்சைத் தாளில் இந்த வசதி ஒன்றும் இல்லை. பேனையும் அட்டவணையும்தான். பிள்ளை வீட்டில் பயிற்சி செய்யும்போது, சுற்று தொடங்கும் முன் கூட்டுத்தொகைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்கல் தெரியாத உம்மாவும் வாப்பாவும், அம்மாவும் அப்பாவும் கூட இதைக் கேட்கலாம்.