முகூர்த்தத்திற்கு முந்தைய பணிகள்: ஒரு திருமண ஒளிப்பட நாட்குறிப்பு

வளைகாப்பு, காதணி விழா, திருமணம், அறுபதாம் கல்யாணம் எனத் தமிழ்க் குடும்பங்கள் கொண்டாடும் வாழ்க்கைக் கட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவற்றில் எந்தச் சடங்கையும் ஒளிப்படத்திற்காக மறுமுறை நடத்த இயலாது. ஆகவே அன்றைய படங்களின் தரம் கேமராவின் விலையைக் காட்டிலும் முன்கூட்டிய ஆயத்தத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. காவிரிப் படுகையில் ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றை முன்னிட்டு மணமகள் வீட்டாரும் அவர்கள் அமர்த்திய ஒளிப்படக் கலைஞரும் மேற்கொண்ட ஆயத்தங்கள், அவற்றுக்கான காரணங்களோடு இங்கே நாள்வாரியாகத் தரப்படுகின்றன.

வைகாசி 12

மண்டபம் உறுதியானதை அடுத்து ஒளிப்படக் கலைஞருக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது. தொழில் வழக்கில் திருமண ஒளிப்படம் இரு வகைப்படும். மேடையில் மணமக்களோடு உறவினரை வரிசையாக நிறுத்தி எடுப்பது டிரெடிஷனல் எனவும், எவரையும் நிறுத்தாமல் நிகழ்வை நிகழ்ந்தவாறே எடுப்பது கேண்டிட் எனவும் அழைக்கப்படுகின்றன. முன்னதற்கு மேடையை விட்டு நகராத ஒருவரும், பின்னதற்கு ஓரிடத்தில் நில்லாத ஒருவரும் தேவைப்படுவதால், இரண்டையும் ஒருவரிடமே ஒப்படைக்கும் குடும்பம் இரண்டில் ஒன்றை இழக்க நேரிடும். எனவே இரு கலைஞர்களும் வீடியோவுக்குத் தனியாக ஒருவரும் வருவதென முடிவாயிற்று.

எத்தனை மணி நேரப் பணி, எத்தனை பக்க ஆல்பம், படங்கள் எந்நாளுக்குள் கைக்கு வரும் என்பவற்றோடு படங்களின் உரிமையும் எழுத்தில் இடம்பெற வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கட்டணம் பெற்று எடுக்கப்படும் ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே ஆவார். மாறான ஒப்பந்தம் பெரும்பாலும் ரசீதின் பின்புறத்துச் சிறிய எழுத்துகளில் அமைந்துவிடுவதால், மணமகளின் படத்தை விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாமா என்ற வினா முன்பணம் தரும் நாளிலேயே பேசி முடிக்கப்படுவது முறை.

ஆனி 7

இன்று வீட்டின் பழைய ஆல்பங்கள் பரணிலிருந்து இறக்கப்பட்டன. ஒளிப்படக் கலை 1839இல் பாரிஸில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1856இல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும் சாதாரணக் குடும்பத்தின் திருமணத்திற்குள் கேமரா வர நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை மணமக்கள் திருமணம் முடிந்த பின் ஸ்டூடியோவுக்குச் சென்று, திரைச்சீலைக்கு முன் நாற்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட ஒற்றைப் படமே அந்நாளின் சாட்சியாக இருந்தது. பின்னர் வந்த 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் 36 படங்களே அடங்கும். சுருளுக்கும் கழுவுவதற்கும் பிரதி எடுப்பதற்கும் ஆகும் செலவை எண்ணி, எதை எடுப்பது என்று குடும்பமும் போட்டோகாரரும் முன்னரே கலந்து பேசியாக வேண்டியிருந்தது.

மெமரி கார்டு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஒரு திருமணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படும் இக்காலத்தில், தேர்வு என்னும் செயல் முகூர்த்தத்திற்கு முன்பிருந்து முகூர்த்தத்திற்குப் பின்பாக இடம் மாறியுள்ளது. ஆனால் எடுக்காமல் விடப்பட்ட படத்தைப் பின்னர் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆகவே முன்பு பற்றாக்குறை செய்வித்த கலந்தாலோசனையை இன்று குடும்பம் தானே முனைந்து செய்ய வேண்டும். இந்த ஆயத்தத்தின் உயிர்நாடி இதுவே.

இன்று எழுதப்பட்ட பட்டியல் சடங்குகளை மட்டுமன்றி மனிதர்களையும் கொண்டது. கண்பார்வை மங்கிய பெரிய பாட்டி, வெளிநாட்டிலிருந்து இரண்டு நாள் மட்டும் வந்து திரும்பும் சித்தப்பா, மாமன் சீர் கொண்டுவரும் தாய்மாமன்கள், பந்தி முடியும்வரை சமையற்கட்டை விட்டு வெளியே வராத அத்தை ஆகியோர் அதில் இடம்பெற்றனர். தமிழ் வீடுகளில் மறைந்தோர் நினைவாக மாலையிட்டு மாட்டப்படும் படங்கள் பலவும் ஏதோ ஒரு திருமணக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கப்பட்டவை என்பதும், அதனாலேயே முகம் கலங்கித் தெரிபவை என்பதும் அனைவரும் அறிந்ததே. முதியோர் ஒவ்வொருவரையும் சன்னல் வெளிச்சத்தில் அமர்த்தித் தனியே ஒரு படம் எடுத்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஆனி 25

கலைஞர் விடியற்காலையில் மண்டபத்தைப் பார்வையிட்டார். முகூர்த்தம் காலை 6 மணிக்கும் 7.30க்கும் இடையில் அமைவதாலும், அப்பருவத்தில் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கே உதிப்பதாலும், நண்பகலில் மண்டபம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் அது தாலி கட்டும் நேரத்திற்குப் பயன்படாது.

விளக்கு ஒவ்வொன்றின் ஒளிக்கும் ஒரு நிறச்சாயல் உண்டு. அது கெல்வின் என்ற அலகால் அளக்கப்படுகிறது. மஞ்சள் விளக்கு சுமார் 2,700 முதல் 3,200 வரையிலும், பகலொளி ஏறத்தாழ 5,500 அளவிலும் இருக்கும். இரண்டும் ஒரே முகத்தின் இரு பக்கங்களில் விழுந்தால், ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறுகன்னம் நீலமாகவும் பதியும். இதைவிடப் பெரிய இடர் மேடை அலங்காரத்தார் பொருத்தும் ஊதா, நீல நிற எல்.இ.டி. விளக்குகளால் நேர்கிறது. அவ்வொளியில் பிற நிறங்கள் அநேகமாக இல்லாததால், தோலின் இயல்பு நிறத்தைப் பின்னர் கணினியில் மீட்பது இயலாத செயலாகிவிடும். மேலும், இந்திய மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதாகையால், தரம் குறைந்த விளக்குகள் கண்ணுக்குப் புலப்படாமல் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. கேமராவின் கதவு திறந்து மூடும் நேரம், அதாவது ஷட்டர் வேகம், 1/100 நொடியைவிட மிகக் குறையும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் விழக்கூடும். முகூர்த்த நேரத்தில் வண்ண விளக்குகளை அணைத்து வெள்ளை விளக்குகளை மட்டும் எரியவிடுவதென அலங்காரத்தாரிடம் இன்றே பேசி முடிக்கப்பட்டது.

ஆடி 8

ஆடியில் முகூர்த்தம் வைப்பதில்லை என்பதால் கலைஞர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதம் இது. ஆற அமரப் பேசவேண்டியவற்றுக்கு இதைவிடத் தகுந்த காலம் இல்லை. கூறைப்புடவையும் முகூர்த்தப்பட்டும் இன்று கேமராவின் முன் விரித்துப் பார்க்கப்பட்டன. அடர்ந்த அரக்குச் சிவப்பு டிஜிட்டல் கேமராவில் எளிதில் எல்லை மீறி, நெசவின் நயம் தெரியாத ஒரே சிவப்புத் திட்டாகிவிடக் கூடியது. சரிகையோ நேரடி ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைக் கோடாக மாறும். ஒளியைக் குடையில் மோதவிட்டுப் பரவலாக்கியபோது சரிகைக் கரையில் இருந்த மயில்கள் தெளிந்து தெரிந்தன.

தோலின் நிறம் பற்றியும் இன்றே தீர்மானிக்கப்பட்டது. கோடாக் நிறுவனம் பிரதி எடுக்கும் கூடங்களுக்கு வழங்கிவந்த, ஷெர்லி அட்டை என அறியப்பட்ட வண்ண ஒப்பீட்டு அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளையினப் பெண்ணின் முகமே இருந்தது. மாநிறமும் கறுப்பும் கொண்ட முகங்களை உள்ளபடி காட்டும் அக்கறை அத்தொழிலில் தாமதமாகவே வந்தது. இன்றைய கேமராக்கள் எல்லா நிறங்களையும் உள்ளபடி பதியும் ஆற்றல் பெற்றிருந்தும், படத்தைத் திருத்தும் மேசையில் மணமகளின் முகம் வெளுக்கப்படுவது வழக்கமாக நீடிக்கிறது. மணமகளின் நிறத்தை மாற்றக் கூடாது என்று கலைஞரிடம் சொல்லும் பொறுப்பு குடும்பத்தினுடையது. தன் நிறத்தோடு தன் திருமணப் படத்தில் இருப்பது அவளது உரிமை.

ஆடி 29

ஒப்பனை ஒத்திகை நடைபெற்றது. கண்ணாடியில் குறையற்றுத் தெரிந்த முகம், ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட முதல் படத்தில் கழுத்தினின்றும் பிரிந்து சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தோன்றியது. வெயில் காப்புக் களிம்பில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும், சில பூச்சுத்தூள்களில் உள்ள சிலிக்காவும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புவதே இதற்குக் காரணம். களிம்பை மாற்றியபின் எடுத்த படத்தில் முகமும் கழுத்தும் ஒன்றாயின. கண்ணாடியை மட்டும் நம்பி இந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தால், குறை முகூர்த்தம் முடிந்த பின்னரே வெளிப்பட்டிருக்கும். மருதாணி சிவக்க ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால், அதை இடும் நாளும் இன்றே குறிக்கப்பட்டது.

ஆவணி 6

புரோகிதர், நாதஸ்வரக் குழுவினர், கலைஞர் ஆகியோர் இன்று கலந்து பேசினர். சடங்குகளின் வரிசை சமூகத்திற்குச் சமூகம் வேறுபடும். பல சமூகங்களில் மணமகன் முதல் முடிச்சையும் அவனுடைய சகோதரி மற்ற இரண்டையும் போடுவது வழக்கம். எனவே கலைஞரின் கோணத்தில் நாத்தனார் நிற்கும் இடமும் அடங்க வேண்டும். கெட்டிமேளம் தொடங்கியதும் அட்சதை தூவ எல்லோரும் எழுந்து மேடையை நெருங்குவதால், மிகத் தேவையான அந்த நிமிடத்திலேயே கேமராவின் பார்வை மறைக்கப்படுகிறது. மணமேடைக்கு முன் சிறிது இடம் விட்டு, அந்த எல்லைக்குள் எவரும் கைப்பேசியோடு நுழையாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய மூத்த மாமா ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விருந்தினரை உறவுமுறை சொல்லி நிறுத்துவது கலைஞரால் ஆகாது. அது வீட்டாருக்கே உரிய வேலை.

கோயிலில் தரிசனத்தின்போது படம் எடுப்பது பற்றியும் பேசப்பட்டது. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டுள்ளது. ஆதலால், அனுமதி பற்றிக் கோயில் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவதும், கிடைக்காதெனில் கோபுரத்திற்கு வெளியே நின்று எடுப்பதும் தகும்.

ஆவணி 9

கருவிகள் சரிபார்க்கப்பட்டன. ஒவ்வொரு கலைஞரிடமும் இரண்டு கேமராக்கள், மின்னேற்றம் செய்த மாற்று பேட்டரிகள், இரு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் அமைப்பு ஆகியவை உள்ளன. ஒரு கார்டு பழுதானாலும் படம் மற்றதில் எஞ்சும். ரா எனப்படும் மூலக்கோப்பு, கேமரா பெற்ற ஒளித்தகவலை ஏறக்குறைய முழுமையாகத் தாங்குவதால், பின்னர் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்த இடம் தருகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கிப் பதியப்படும் அத்தகைய கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 எம்.பி. வரை இருக்கும் என்பதால், 3,000 படங்களுக்கு 75 முதல் 90 ஜி.பி. வரை இடம் ஒதுக்க வேண்டும்.

ஆவணி 10

முகூர்த்தம். மணமகள் கூறைப்புடவை உடுத்தி வந்து மனையில் அமர்ந்தபோது வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. ஓமப்புகை அடர்ந்தால் அதில் நேரே பாயும் ஃபிளாஷ் ஒளி வெண்திரையாகத் திரும்பிவரும் என்பதால், ஒளி பக்கவாட்டிலிருந்து வருமாறு வைக்கப்பட்டிருந்தது. ஒரு கலைஞர் மனைக்கு முன் தாழ்வாக அமர்ந்து தாலியையும் விரல்களையும் நோக்கினார். மற்றவர் கூட்டத்திற்குப் பின்னிருந்து மணமகளின் பெற்றோர் முகங்களை மட்டும் நோக்கினார். தவில் விரைந்து ஒலிக்க மூன்று முடிச்சுகளும் விழுந்து முடியச் சில நொடிகளே ஆயின. அட்சதை தூவியவர்கள் எல்லைக்கு வெளியே நின்றனர். பந்தி நடுவே கலைஞர் சமையற்கட்டுக்குச் சென்று, கரண்டியோடு நின்ற அத்தையை அவர் நின்ற நிலையிலேயே படம் எடுத்தார். குழுப்படங்களுக்கு வந்தபோது, முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் ஒரே தெளிவு வேண்டி லென்ஸின் துளை எஃப் 8 அளவிற்குச் சுருக்கப்பட்டது.

ஆவணி 11

படங்கள் மூன்று பிரதிகளாக்கப்பட்டன. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறோர் இடத்தில் என்பது தரவுக் காப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. பென்டிரைவ் கைமாற்றுவதற்கு உதவும். அதை நீண்டகாலக் காப்பிற்கு நம்புதல் ஆகாது.

புரட்டாசி 4

ஆல்பத்திற்கான தேர்வு ஆனி மாதப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு நடந்தது. நன்கு தெளிந்த அச்சிற்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது தொழில் அளவு. 12க்கு 36 அங்குல விரிபக்கத்தை ஒரே படத்தால் நிரப்ப 10,800க்கு 3,600 புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தில் நீளவாட்டில் 6,000 புள்ளிகளே இருப்பதால், அது விரிபக்கத்தின் ஏறத்தாழப் பாதிக்கே முழுத் தெளிவோடு போதுமானது.

இறுதிப் பணியாக, படத்திலுள்ளோரின் பெயர், உறவு, ஊர் ஆகியவை ஆல்பத்தின் பின்தாளில் அச்சிடவும், கணினிக் கோப்பின் விளக்கப் புலத்தில் பதியவும் எழுதித் தரப்பட்டன. பரணிலிருந்து இறங்கிய பழைய ஆல்பங்களில் பாதி முகங்களுக்குப் பெயர் சொல்ல வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. இக்குடும்பத்தின் பேரப்பிள்ளைகளுக்கு அந்நிலை வராது. கலைஞரின் திறமை ஒரு திருமணத்தை அழகாகக் காட்டும். அதில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் காலம் கடந்தும் சொல்ல வைப்பது குடும்பத்தின் ஆயத்தமே. எனவே ஒளிப்படத்திற்கெனச் செலவிடும் பொருளோடு, அதற்கென முன்கூட்டிச் சில மாலைப் பொழுதுகளையும் ஒவ்வொரு குடும்பமும் ஒதுக்குவது கடமையாகும்.