மணற்குவியலில் ஒரு பாம்பு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, பாலைத்திணை பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டோம். பல்லாண்டு கற்பித்த பாடமாதலின் குறிப்புகளும் ஆயத்தமாயிருந்தன. ஆயினும் எழுத அமர்ந்தபொழுது நினைவில் வந்து கிடந்தது ஒரு பாம்பு.

கல்லூரிப் பின்வளவில் மதில் கட்டுவதற்கென லொறியிற் கொணர்ந்த மணல் குவிந்திருந்தது. பங்குனி மாதத்து மாலையொன்றில் அதனை அள்ளிய மாணவர் "புடையன்! புடையன்!" என அலறினர். ஓடிச்சென்று பார்த்தோம். ஒரு முழத்துக்குச் சற்று மேற்பட்ட நீளம், தடித்த உடல், மண்ணிற மேனியிற் கபிலத் திட்டுக்கள். அது எம்மீது பாயவில்லை. மணலுள் மீண்டும் தலையைப் புதைக்கவே முயன்றது. பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு எமதென்றெண்ணி மண்வெட்டியை ஓங்கினோம். இரண்டே அடி.

வடமராட்சி கிழக்கிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனொருவன் அதன் வாலைத் தூக்கிப் பார்த்தான். "சேர், இது புடையன் இல்லை, மண்ணுணி. எங்கட பக்கத்து மணலிலை கிடக்கும். ஒண்டும் செய்யாது" என்றான். அவன் குரலிற் குற்றச்சாட்டு இல்லாமையே எம்மை மிக வருத்தியது.

பின்னரே இதனைப் பற்றிக் கற்றோம். புடையனின் முதுகில் விளிம்புடைய வட்டங்கள் சங்கிலிபோல் ஒழுங்காக அமையும். இதன் திட்டுக்களோ ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்தோடும். புடையனின் தலை கழுத்தினின்று அகன்று பிரிந்து தோன்றும்; இதற்குக் கழுத்தே தெரியாது. வால் குறுகிக் கூம்பியிருக்கும். நஞ்சில்லை. பகலிற் பொலபொலத்த மணலுள் மறைந்திருந்து, இரவில் எலி முதலியவற்றைச் சுற்றி இறுக்கி உண்ணும். முட்டையிடாது குட்டி ஈனும். மண்ணை உண்பதில்லை, ஆதலின் 'மண்ணுணி' என்பதினும் 'மண்ணுளி' என்பதே பொருந்துமென்பது தமிழாசிரியராகிய எமது துணிபு. இது நக்கினாற் குட்டநோய் வருமென்று எம் அம்மம்மா சொல்லக் கேட்டதுண்டு. அந்நோய்க்குக் காரணமான கிருமியை 1873 ஆம் ஆண்டிலேயே ஹான்சன் கண்டறிந்துவிட்டார். பழி மட்டும் பாம்பின்மேல் நின்றுவிட்டது.

சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796 இல் நூல் வெளியிட்ட பற்றிக் றசல் என்பாரின் பெயர், ஆங்கிலத்திற் புடையனுக்கும் வழங்குகிறது, இதற்கும் வழங்குவதுண்டு. பெயரே இரண்டையும் மயக்குகிறதெனச் சமாதானந் தேடினோம். மனம் அமையவில்லை.

சென்ற விடுமுறையில் மணற்காட்டுக்குப் போயிருந்தோம். இலக்கணப்படி அது நெய்தல். எனினும் வெயிற்காலத்தில் அங்கு நடந்தவர்க்குப் பாலையின் வெம்மையை விளக்க வேண்டுவதில்லை. பழைய தேவாலயமொன்று மணலுட் புதைந்து சுவர்கள் மட்டும் எஞ்சி நிற்கிறது. அடம்பன்கொடியும் இராவணன்மீசைப் புல்லும் மணலைப் பற்றிக் கிடக்கின்றன. அவை வேரூன்றிய மணலையே வீடுகட்டவும் மதில்கட்டவும் அள்ளிச் செல்கின்றோம். அப்பாம்பு எம் வளவைத் தேடி வந்ததன்று. அதன் உறையுளோடு சேர்த்து அதனையும் யாமே லொறியில் ஏற்றுவித்தோம் போலும்.

மதில் எழுந்துவிட்டது. எஞ்சிய மணலை அப்புறப்படுத்த மாணவர் கூடியபோது அவனும் வந்திருந்தான். மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு தடியாற் குவியலை மெல்லக் கிளறி, எம்மைத் திரும்பிப் பார்த்து, "இனி வெட்டலாம் சேர்" என்றான்.