பாட்டி அழுத்திய "சரி"



போன ஞாயிறு உச்சிக்கால பூசை முடிந்து அன்னதானம் பரிமாறிக்கொண்டிருந்தோம். சாம்பார் வாளியோடு போனவரை ஒரு பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். "சாம்பார் அப்புறம் ஊத்தலாம் தம்பி. முதல்ல இந்தப் போனப் பாரு. நான் சரியாத்தானே அழுத்துனேன்?"

பாட்டிக்கு இனிப்புநீர். ரத்தப் பரிசோதனைக்காக முதல்நாள் இரவிலிருந்து சாப்பிடாமல், காலையில் பஸ் ஏறி மருந்தகத்துக்குப் போயிருக்கிறார். முகப்பில், "இன்னிக்கு உங்க பேர்ல ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் தலை சுற்ற, புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மைலோ வாங்கிக் கொடுத்ததால் தப்பித்தார்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் முன்பு, எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று பார்க்கச் செயலியைத் திறந்திருக்கிறார். விரல் எங்கேயோ பட்டு, "முன்பதிவை ரத்து செய்யவா?" என்று ஒரு பெட்டி வந்தது. கீழே இரண்டே பொத்தான்கள்: "ரத்து", "சரி". பாட்டி யோசித்தார். ரத்தை அழுத்தினால் ரத்தாகிவிடும், சரியை அழுத்தினால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் "சரி"யை அழுத்தினார். முன்பதிவு போய்விட்டது.

பாட்டி யோசித்ததில் என்ன தப்பு? நாங்கள் நாலு பேர் சேர்ந்து யோசித்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "முன்பதிவு இருக்கட்டும்", "முன்பதிவை ரத்து செய்" என்று பொத்தானிலேயே முழுதாக எழுதியிருந்தால் பாட்டி பட்டினியோடு அலைந்திருக்க வேண்டாம். இரண்டு வார்த்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வயதானவர் மயங்கி விழப் பார்த்தார்.

கோவிட் காலத்தில் வாசலில் வருகைப் பதிவுக்குப் போட்ட மேசையை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது செயலியோடு தடுமாறிய பெரியவர்கள், 2020ல் டிரேஸ்டுகெதர் கருவி வந்ததும் நிம்மதியாகிவிட்டார்கள். அதில் திரை கிடையாது, சார்ஜ் போடும் வேலையும் கிடையாது. பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும். செய்ய வேண்டிய வேலையைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது அதே மேசையில் ஞாயிறுதோறும் சிங்பாஸ், ஹெல்த்ஹப், சிடிசி பற்றுச்சீட்டு என்று கேட்டு வருகிறார்கள். உட்கார்ந்து பார்த்ததில் சில விஷயங்கள் தெரிய வந்தன.

வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து. கண்ணில் புரை உள்ளவருக்கு அது வெறும் வெள்ளைத் திரைதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் நிறவேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியே சொல்கிறது. அப்புறம் ஓடிபி. எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய், கண்ணாடி போட்டு, மனப்பாடம் செய்து திரும்பினால் "நேரம் முடிந்தது". உழைத்துத் தேய்ந்த விரல் ரேகையும் பல நேரம் பதிவதில்லை.

தமிழ் இருந்தாலும் அது எந்தத் தமிழ் என்பது முக்கியம். ஒரு படிவத்தின் கடைசியில் "சமர்ப்பி" என்று இருந்தது. ஓர் ஐயா கேட்டார்: "என்னத்தப்பா சமர்ப்பிக்கணும், பூவா பழமா?" சிரித்துவிட்டோம். ஆனால் "அனுப்பு" என்று இருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் தப்பையும் மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில் நாங்கள் போனைக் கையில் வாங்கி, டக் டக்கென்று தட்டிக் கொடுத்துவிடுவோம். வரிசை சீக்கிரம் நகரும். ஆனால் அடுத்த வாரம் அதே ஆள், அதே கேள்வி. ஒருநாள் எங்களில் ஒருவர் ஓர் அம்மாவின் பரிசோதனை முடிவைச் சத்தமாகவே வாசித்துவிட்டார். சுற்றிலும் தெரிந்த முகங்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கிக்கொண்டு போனவர், இரண்டு மாதம் கோயில் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து எங்கள் விதி: தொண்டூழியர் கை பின்னால் இருக்கும், போன் அவரவர் கையில் இருக்கும். உடல்நல விவரம் என்றால் பக்கத்து அறைக்குப் போய்விடுவோம்.

இன்னொன்றும் உண்டு. நம் கோயில் அர்ச்சனை முன்பதிவுப் படிவத்தை உருவாக்கியது நாங்கள்தான். அதில் மின்னஞ்சல் கட்டாயம். நட்சத்திரத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். கோத்திரம் எழுதாவிட்டால் அடுத்த பக்கமே வராது. பாட்டியின் போனைப் பார்த்த அன்று இரவு அதைத் திறந்து பார்த்து வெட்கப்பட்டோம். மற்றவர்கள் செய்ததைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

இப்போது மாற்றிவிட்டோம். 27 நட்சத்திரமும் தமிழில் வரிசையாக இருக்கும், தொட்டால் போதும். மின்னஞ்சல் வேண்டாம், தொலைபேசி எண் போதும். கோத்திரம் தெரிந்தால் எழுதலாம். அனுப்பும் முன் எல்லா விவரமும் ஒருமுறை பெரிய எழுத்தில் வரும். போட்டு முடித்ததும் முதலில் அந்தப் பாட்டியிடம்தான் கொடுத்தோம். இரண்டு இடத்தில் தடுமாறினார், அந்த இரண்டையும் திருத்தினோம். முகப்பில் சீட்டுப் புத்தகமும் வழக்கம்போல் இருக்கும். சிடிசி பற்றுச்சீட்டையே போன் இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் அச்சடித்து வாங்கிக்கொள்ள முடிகிறது. சாமிக்கு அர்ச்சனை செய்ய மட்டும் போன் கட்டாயமா?

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இதுகூடத் தெரியலையா" என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே அழுத்த விடுங்கள். சிங்பாஸ் மறைச்சொல்லையோ ஓடிபியையோ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நாங்களும் கேட்க மாட்டோம். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799க்கு அழைக்கலாம்.

பாட்டிக்குப் புது முன்பதிவு கிடைத்துவிட்டது. இந்த முறை பொத்தான்களை எல்லாம் அவரேதான் அழுத்தினார். முடிந்ததும் தேதியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். "போன் சொன்னாலும் சொல்லட்டும், இது என் இடுப்புல இருக்கட்டும்" என்றார். அதுவும் சரிதான்.

ஞாயிறு, பூசைக்குப் பிறகு, அதே மேசை. வாங்க.

என்றும் சேவையில்,
கோயில் தொண்டூழியர் குழு