முந்நூறு ஏக்கரின் வாரிசு

1848 மார்ச்சில் ஆபிரகாம் லிங்கன் தன் முன்னோரைப் பற்றிச் சில கடிதங்கள் எழுதினார். அப்போது அவர் இல்லினாயிலிருந்து முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி வந்திருந்த வழக்கறிஞர். மாசசூசெட்ஸில் ஹிங்கம் என்ற ஊரின் வரலாற்றை எழுதிய சாலமன் லிங்கன், உங்கள் குடும்பம் எந்தக் கிளை என்று விசாரித்திருந்தார். ஆபிரகாமுக்குச் சொல்லக் கொஞ்சம்தான் இருந்தது. அப்பா பெயர் தாமஸ். தாத்தா பெயரும் ஆபிரகாம். வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்குப் போனவர், 1784 வாக்கில் பழங்குடிகளால் கொல்லப்பட்டவர். அதற்கும் முந்தைய தலைமுறை பென்சில்வேனியாவிலிருந்து வந்தது, குவேக்கர் மதத்தைச் சேர்ந்தது என்று வீட்டில் ஒரு பேச்சு. அவ்வளவுதான். ராக்கிங்கமில் இருந்த ஓர் உறவினருக்கும் எழுதிக் கேட்டுப் பார்த்தார். பத்தாண்டுக்கும் மேல் கழித்து, 1859இல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றுக் குறிப்பில், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு உறவு கண்டுபிடிக்கும் முயற்சி பெயர் ஒற்றுமையைத் தாண்டிப் போகவில்லை என்று பதிவுசெய்கிறார். இரண்டு பக்கமும் மொர்தெகாய் இருந்தார்கள், சாலமன் இருந்தார்கள், ஆபிரகாம் இருந்தார்கள். பெயர் ஒத்துப்போனால் உறவு என்று எந்த வழக்கறிஞர் ஒப்புக்கொள்வார்?

அவர் தேடிய விடை அப்போதே எழுதப்பட்டு நூறு ஆண்டு ஆகியிருந்தது. நான் வசிக்கும் கவுண்டியின் நிலம் ஒன்றைப் பற்றிய கிரயப் பத்திரத்தில் அது இருந்தது.

நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டி இன்று தமிழர்கள் நிறைய வாழும் இடம். எடிசன், பிஸ்கட்டவே, மன்ரோ என்று வரிசையாகச் சொல்லலாம். மன்ரோ பக்கம் போகும்போது மச்சபோனிக்ஸ் என்றொரு ஓடையைத் தாண்டுவேன். மனலப்பன் ஓடையோடு கலந்து சவுத் ரிவராக மாறும் சின்ன நீரோட்டம். லிங்கனின் முன்னோர் ஒருவருடைய உயிலைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த ஓடையின் பெயர் எதிர்ப்பட்டது. அங்கிருந்துதான் என் தேடல் பிடித்துக்கொண்டது.

உயில் எழுதியவர் மொர்தெகாய் லிங்கன். பென்சில்வேனியாவில், இன்று பெர்க்ஸ் கவுண்டியாக இருக்கும் பகுதியில், 1736இல் இறந்தவர். 1733இல் அவர் கட்டிய கல்வீடு எக்ஸிட்டர் டவுன்ஷிப்பில் இன்னும் நிற்கிறது. அன்று அந்தப் பகுதி பிலடெல்ஃபியா கவுண்டியில் சேர்ந்திருந்ததால் உயிலும் பிலடெல்ஃபியாவில்தான் பதிவானது. வீடிருந்த நிலத்தை இரண்டாம் மனைவி மேரியின் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார். முதல் மனைவி ஹன்னா சால்ட்டருக்குப் பிறந்த ஜான் என்ற மகனுக்கு, ஜெர்சியில் இருந்த முந்நூறு ஏக்கர். பெரியவீட்டுப் பிள்ளைக்கு எட்டாத தொலைவில் உள்ள காணி. நம் பக்கத்துப் பாகப்பிரிவினைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஓடும் குடும்பக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உயில் ஒரு ஜானைக் காட்டுகிறது. ஆனால் அந்த ஜான்தான் பிற்பாடு வர்ஜீனியா போன ஜான், தாத்தா ஆபிரகாமின் அப்பா என்பதற்கு என்ன சாட்சி? பெர்க்ஸில் லிங்கன்கள் பலர். மொர்தெகாய் இறந்த சில மாதங்களில் பிறந்த கடைசி மகனுக்கும் ஆபிரகாம் என்றுதான் பெயர் வைத்தார்கள். அவர் மணந்தது ஆன் பூன் என்ற பெண்ணை. டேனியல் பூனின் உறவுக்காரப் பெண். குவேக்கர் சபைக்கு வெளியே மணம் செய்ததற்காக ஆன் சபையிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. குடும்பம் குவேக்கர் என்று லிங்கன் வீட்டில் நிலைத்த பேச்சு, இப்படிப்பட்ட அக்கம்பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஜெர்சி நிலம் என்றால் ஜெர்சி ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். மிடில்செக்ஸின் தலைநகரான நியூ பிரன்ஸ்விக்கில் அதைத் தேடிப் பயனில்லை. நியூ ஜெர்சியில் கவுண்டி அலுவலகங்கள் பத்திரங்களை முறையாகப் பதிவுசெய்ய ஆரம்பித்ததே 1785இல்தான். அதற்கு முந்தையவை பெர்த் அம்பாய், பர்லிங்டன் என்ற இரண்டு பழைய தலைநகரங்களில் மாகாணச் செயலரிடம் பதிவாகி, இன்று டிரெண்டனில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மைக்ரோஃபிலிமைச் சுழற்றிச் சுழற்றிப் படிக்க வேண்டும். எழுத்தர்களின் கையெழுத்து பழக நேரம் பிடிக்கிறது. பழகிய பிறகு அதை விட்டு எழுந்துவர மனம் வராது.

ஊரில் பத்திரம் படித்துப் பழகியவனுக்கு இந்த ஆவணங்களின் அமைப்பில் புதிதாக ஒன்றும் இல்லை. விற்பவர் யார், எந்த ஊர், என்ன தொழில். வாங்குபவர் யார். சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது. நான்கு எல்லை. சாட்சிகள். அளவுகூட ஓரளவு பழகியதே. அங்கே நிலம் அளந்த கன்ட்டர் சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். வெள்ளைக்காரன் அதே சங்கிலியைத்தான் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். நாம் இன்றும் சொல்லும் சென்ட், ஆயிரம் சதுரக் கண்ணி. எல்லைக்கல்லுக்குப் பதில் அங்கே மரங்கள்: வெள்ளை ஓக், கருப்பு ஓக், ஹிக்கரி. மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது.

1748 நவம்பர் 8 தேதியிட்ட பத்திரம். விற்பவர் ஜான் லிங்கன், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி, கார்நார்வன் டவுன்ஷிப். வாங்குபவர் வில்லியம் டை. சொத்து மிடில்செக்ஸில் முந்நூறு ஏக்கர். இது எனக்கு எப்படி வந்தது என்று ஜான் சொல்லும் இடத்தில், தான் மொர்தெகாய் லிங்கனின் மகன், அவருடைய வாரிசு என்கிறார். தந்தையை நினைத்து எழுதிய வரி என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் நாளைக்கு வில்லங்கம் வராமல் இருக்கக் கேட்டு வாங்கிய வரி. அதனால்தான் அதை நம்பலாம். குடும்பப் பெருமைக்காக எழுதும் வம்சாவளியில் ஒரு தாத்தாவைக் கூட்டலாம், ஒருவரை மறைக்கலாம். பணம் கைமாறும் பத்திரத்தில் தகப்பன் பெயரைத் தவறாகச் சொன்னால் வழக்கு வரும்.

இந்த ஒரு பத்திரத்தால்தான் குடும்பத்தின் இரண்டு துண்டுகள் ஒட்டின. இதை முதலில் எடுத்து அச்சிட்டவர் சாமுவேல் ஷாக்ஃபோர்ட். 1887இல் நியூ இங்கிலாந்து வம்சாவளி இதழில் அவர் கட்டுரை வந்தது. ஜனாதிபதி சுடப்பட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜானிலிருந்து பின்னோக்கிப் போவது எளிது. மொர்தெகாய் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர். கொல்லர், இரும்பு உருக்கியவர். அந்தப் பெரியவர் 1727இல் எழுதிய உயிலில், ஊரைவிட்டுப் போன மகன்கள் மொர்தெகாய்க்கும் ஆபிரகாமுக்கும் பணம் எழுதிவைத்தார். பெரியவரின் அப்பா சாமுவேல், 1637இல் நார்விச்சைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரின் வேலைக்காரப் பையனாகக் கப்பலேறி ஹிங்கமில் குடியேறியவர். சாலமன் லிங்கன் கேட்ட கேள்விக்கு ஆம் என்பதே விடை. மொர்தெகாயின் இரும்புத் தொழிலையும் பத்திரமே காட்டுகிறது: பென்சில்வேனியாவின் கோவென்ட்ரி பட்டறையில் தனக்கிருந்த மூன்றில் ஒரு பங்கை 1725 டிசம்பரில் வில்லியம் பிரான்சனுக்கு 500 பவுனுக்கு விற்றிருக்கிறார். ஜெர்சி வாழ்வின் சாட்சியாகப் பத்திரத்தைத் தவிர ஒரு கல்லறையும் உண்டு. மான்மவுத் கவுண்டியில், மூன்று வயது நான்கு மாதத்தில் 1720 மே மாதம் இறந்த டெபோரா என்ற மகளுடையது. கல்லில் குடும்பப் பெயரை லின்கன் என்று ஓர் எழுத்து குறைத்து வெட்டியிருக்கிறார்கள். பத்திரங்களில் அந்தக் குழந்தை இல்லை. சொத்து சேராதவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. இதை மறந்துவிட்டுப் பத்திரக் கட்டுகளை வைத்துக் குடும்ப வரலாறு எழுதக் கூடாது.

ஜானிலிருந்து முன்னோக்கி வந்தால் பாதை கடினம். பென்சில்வேனியாவில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு 1768இல் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் லின்வில் ஓடைக்கரையில் நிலம் வாங்கினார். அன்று அது அகஸ்டா கவுண்டி. 1778இல் அதைப் பிரித்து ராக்கிங்கம் ஆக்கினார்கள். உள்நாட்டுப் போரின்போது ராக்கிங்கமின் பத்திரப் புத்தகங்கள் பாதுகாப்பாக வேறிடம் கொண்டுபோக வண்டியில் ஏற்றப்பட்டன. 1864 ஜூனில் ஜெனரல் ஹன்ட்டரின் படை அந்த வண்டியை மறித்துத் தீ வைத்தது. ஊர்க்காரர்கள் அணைத்துக் காப்பாற்றிய கருகிய ஏடுகள் இன்றும் எரிந்த புத்தகங்கள் என்ற பெயரிலேயே வழங்குகின்றன. ஹன்ட்டரின் படைக்குத் தலைமைத் தளபதி யார்? ஜனாதிபதி லிங்கன். அவருடைய தாத்தா பதிவுசெய்த பத்திரங்கள் இருந்த அலுவலகத்தின் புத்தகங்களை அவர் படையே எரித்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

தாத்தா ஆபிரகாம் 1780 பிப்ரவரி 18 அன்று லின்வில் ஓடைக்கரையில் 250 ஏக்கரை மைக்கேல் ஷாங்குக்கு 5000 பவுனுக்கு விற்றார். பெரும் தொகையாகத் தெரியும். போர்க்காலக் காகிதப் பணம் அப்படி மதிப்பிழந்திருந்தது. பத்திரத்தில் மனைவி பத்ஷேபாவின் பெயர் இருக்கிறது. கணவன் விற்கும் நிலத்தில் விதவைப் பங்குக்கு மனைவிக்கு உரிமை இருந்ததால், அவளைத் தனியே விசாரித்துச் சம்மதம் பெற வேண்டும் என்பது சட்டம். பத்ஷேபாவின் சம்மதம் மறு ஆண்டு, 1781இல் பதிவானது. ஜனாதிபதியின் பாட்டி யார் என்று பிற்காலத்தில் பலர் பலவாறு எழுதினார்கள். சட்டம் கேட்ட அந்தச் சம்மதம்தான் அவள் பெயரை நிறுத்திவைத்தது.

விற்ற கையோடு, மார்ச் 4 அன்று 160 பவுன் கட்டி கென்டக்கியில் 400 ஏக்கருக்கு உத்தரவுச் சீட்டு வாங்கினார். லாங் ரன் ஓடைக்கரையில் அதை அளந்த தேதி 1785 மே 7. அளவைத் தாளில் பெயர் ஆபிரகாம் லிங்க்ஹார்ன். அளக்கும்போது அவரே உடனிருந்து அடையாளமிட்டார் என்றும் எழுதியிருக்கிறது. ஆக 1784இல் அவர் இறந்திருக்க முடியாது. பேரன் கடிதத்தில் சொன்ன ஆண்டைத் தாத்தாவின் நில அளவே திருத்துகிறது. அவர் கொல்லப்பட்டது 1786இல்.

அப்போது இருந்த வர்ஜீனியச் சட்டப்படி உயிலில்லாதவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மூத்தவர் மொர்தெகாய் வசதியாக வாழ்ந்தார். கடைக்குட்டி தாமஸ் கூலிவேலைக்குப் போனார். நிலத்தை முன்கூட்டி அளக்காமல் சீட்டு விற்றதால் கென்டக்கியில் ஒரே இடத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் உரிமை கோரினார்கள். தாமஸ் 1803இல் மில் கிரீக்கில் 238 ஏக்கர் என்று 118 பவுன் கொடுத்து வாங்கினார். 1814இல் 200 ஏக்கராக 100 பவுனுக்கு விற்க நேர்ந்தது. மகன் ஆபிரகாம் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையும் வழக்கில் போனது. நாப் கிரீக்கில் வெளியேற்ற வழக்கு. 1816 டிசம்பரில் இண்டியானாவுக்குக் கிளம்பினார்கள். அங்கே அரசே சதுரம் சதுரமாக அளந்து விற்றது. ஊர் மாறியதற்கு அடிமைமுறை ஒரு காரணம், ஆனால் முதன்மையான காரணம் நில உரிமைச் சிக்கல் என்று ஜனாதிபதியே பின்னர் சொன்னார். தன் இருபது வயதுகளில் அவர் சங்கமன் கவுண்டியில் துணை நில அளவையாளராகச் சங்கிலி பிடித்தபோது, அளவு பிசகினால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ரத்த உறவைப் பின்தொடர்ந்தால் 1637இன் சாமுவேலிடம் வந்து சேரலாம். நிலத்தைப் பின்தொடர்ந்தால் வேறெங்கோ போகிறது. மச்சபோனிக்ஸ் நிலத்துக்கு மூலப் பத்திரம் யாருடையது? கிழக்கு ஜெர்சியின் நிலவுடைமையாளர் குழு. அவர்களுக்கு உரிமை வந்த வழி, 1664இல் இரண்டாம் சார்லஸ் தம்பி யார்க் கோமகனுக்குக் கொடுத்த சாசனம். அரசர் கொடுத்த நிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் லெனாபே மக்கள். ஓடையின் பெயர் அவர்கள் மொழி. அவர்களிடமிருந்து வாங்கியதாக எழுதிய பத்திரங்களும் உண்டு. கையெழுத்திட்ட இடத்தில் குறிகள். லிங்கன் வீட்டில் யார் மகன் யார் வாரிசு என்று தலைமுறை தோறும் கேட்ட சட்டம், நிலத்தை இழந்த பிறகு அந்தக் குறிகளுக்குரியவர்களின் வாரிசுகள் யார் என்று கேட்கவே இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறார்கள். கென்டக்கியில் தாத்தா ஆபிரகாம் இறந்ததும் இதே நிலப் போரில்தான்.

கிழக்கு ஜெர்சிக் குழு எப்போதோ மறைந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பெர்த் அம்பாயில் அலுவலகம் வைத்து 1998 வரை இயங்கியது. கலைந்தபோது அதன் ஏடுகளும் டிரெண்டன் காப்பகத்துக்கு வந்துவிட்டன, ஜானின் பத்திரம் இருக்கும் அதே கட்டடத்துக்கு. இப்போது அவற்றைத்தான் படிக்க எடுத்திருக்கிறேன்.